பெயர் நூறு, தாய் ஒன்று

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஆரஞ்சு, எலுமிச்சைக் குடும்பத்துப் பழங்களைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். எழுதியவர் நிறைய உழைத்திருக்கிறார். ஆனால் நீளமான ரகப் பட்டியலைக் கொடுத்துவிட்டு, இவ்வளவு ரகங்கள் இருக்கும்போது மரபணுப் பன்மைக்கு, அதாவது மரத்துக்கு மரம் மரபணு வேறுபட்டிருப்பதற்கு, குறைவில்லை என்று முடித்திருப்பதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. முப்பது ஆண்டுகளாகத் தென்காசிப் பக்கம் எலுமிச்சை நாற்று வளர்த்து விற்கிறேன். ரகங்களின் எண்ணிக்கை வேறு, பன்மை வேறு.

அந்தப் பட்டியலில் சாத்துக்குடி, வலென்சியா, நேவல், உள்ளே சிவந்திருக்கும் ரத்த ஆரஞ்சு எல்லாம் தனித்தனி வரிசையில் நிற்கின்றன. சந்தையில் அவை தனித்தனிதான். மரபணுவை வைத்து அளந்தால் நான்கும் ஏறக்குறைய ஒரே செடி. பம்ளிமாஸ் இனமும், கமலா ஆரஞ்சு சேர்ந்த மாண்டரின் இனமும் பல தலைமுறைக்கு முன் கலந்து பிறந்தது இனிப்பு ஆரஞ்சு. அதன்பின் ஏதோ ஒரு மரத்தில் ஏதோ ஒரு கிளையில் தானாக ஒரு சிறு மாற்றம் நேரும். அதைக் கண்டவர் மொட்டெடுத்து ஒட்டுக்கட்டிப் பரப்புவார். புதுப் பெயர் வந்துவிடும். நேவல் அப்படித்தான் பிரேசிலின் பாஹியாவில் கிடைத்தது. விதையில்லாத அந்த ரகத்தை 1870களில் கலிபோர்னியாவின் ரிவர்சைடுக்குக் கொண்டுபோய் நட்டார்கள். அந்தத் தாய்மரம் இன்றும் அங்கே நிற்கிறது. ரத்த ஆரஞ்சின் சிவப்புக்குக் காரணம், ரூபி என்ற மரபணுவுக்குப் பக்கத்தில் இடம்மாறும் டிஎன்ஏ துண்டு ஒன்று வந்து செருகிக்கொண்டதுதான் என்று இங்கிலாந்தின் ஜான் இன்னெஸ் மையம் என்ற தாவர ஆராய்ச்சி நிலையத்து ஆய்வாளர்கள் 2012இல் காட்டினார்கள். அந்த ஓரிடத்து மாற்றத்துக்குத்தான் அவ்வளவு நிறம், அவ்வளவு பெயர்.

விதையை வைத்தே இதைப் பார்த்துவிடலாம். வாசகர்களும் செய்து பார்க்கட்டும். ஒரு கமலா ஆரஞ்சு விதையை இரவு ஊறவைத்து, காலையில் வெளித்தோலையும் உள்ளே ஒட்டியிருக்கும் பழுப்புச் சவ்வையும் நகத்தால் உரியுங்கள். பச்சை நிறத்தில் பெரிதும் சிறிதுமாகப் பல கருக்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு இருக்கும். மகரந்தம் சேர்ந்து உண்டானது அவற்றில் ஒன்று இருக்கலாம். மற்றவை தாயின் திசுவிலிருந்தே முளைத்தவை, தாயின் நகல்கள். எலுமிச்சையும் சாத்துக்குடியும் இதே வழக்கம்தான். பம்ளிமாஸ் விதையை உரித்தால் வெள்ளையாக ஒரே ஒரு கருதான் கிடைக்கும். அது தாயும் தகப்பனும் கலந்த புதுப் பிள்ளை. நார்த்தை இனத்திலும் அப்படியே.

எங்கள் நாற்றங்காலில் எலுமிச்சை விதை ஒன்றிலிருந்து இரண்டு மூன்று முளைகள் வரும். ஒரே உயரத்தில் ஒரே மாதிரி இலையோடு நிற்பவற்றை வைத்துக்கொண்டு, குட்டையாகவோ இலை மாறியோ நிற்பதைப் பிடுங்கிவிடுவோம். காசு கொடுத்து வாங்குகிறவருக்குத் தாய்மரத்தின் காயே வேண்டும். அதனால் வேறு வழியில்லை. ஆனால் அப்படிப் பிடுங்கியவற்றில்தான் புதுக் கலப்பு இருந்திருக்கும் என்பதை நான் பிற்பாடுதான் புரிந்துகொண்டேன். ஆயிரம் நாற்று விற்றேன் என்றால், ஒரு தாயை ஆயிரம் முறை விற்றேன் என்றுதான் பொருள்.

இந்த நிலையில் பன்மையை எப்படி அளப்பது? டிஎன்ஏயில் ஒரே சிறு தொடர் திரும்பத் திரும்ப வரும் இடங்கள் உண்டு. அது எத்தனை முறை திரும்புகிறது என்பது செடிக்குச் செடி மாறும். எஸ்எஸ்ஆர் என்று இந்த முறைக்குப் பெயர். பத்து பம்ளிமாஸ் நாற்றுகளின் இலையை இப்படிச் சோதித்தால் பத்தும் பத்து விதமாக இருக்கும். வலென்சியாவையும் நேவலையும் சோதித்தால் எது எது என்று சொல்ல முடியாது. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கட்டுரையாளர் இதில்தான் தடுமாறியிருக்கிறார் என்று நினைக்கிறேன். இரண்டு இனங்கள் கலந்து பிறந்ததால் ஆரஞ்சு மரத்தின் ஒவ்வொரு செல்லிலும் தாய்வழி மரபணுவுக்கும் தகப்பன்வழி மரபணுவுக்கும் இடையே வேற்றுமை மிகுதி. அந்த வேற்றுமையின் அளவை மட்டும் பார்த்தால் ஆரஞ்சில் பன்மை கொட்டிக் கிடக்கிறது என்று தோன்றும். மரத்துக்குள் இருக்கும் வேற்றுமை அது. மரத்துக்கும் மரத்துக்கும் இடையே வேற்றுமை கிட்டத்தட்ட இல்லை. நோய் வரும்போது கைகொடுப்பது இந்த இரண்டாவதுதான்.

பிரேசிலில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே ஆரஞ்சைப் பெரும்பாலும் கசப்பு ஆரஞ்சின் வேரில் ஒட்டுக்கட்டியிருந்தார்கள். 1930களின் பிற்பகுதியிலிருந்து டிரிஸ்டேசா வைரஸ் பரவியதும் பல லட்சம் மரங்கள் பட்டுப்போயின. தோட்டங்களை மீட்டது ரங்பூர் எலுமிச்சை. இன்றைய வங்கதேசத்து ரங்பூரின் பெயரைத் தாங்கிய, நம் பக்கத்து வீட்டுச் செடி! அதன் வேரை டிரிஸ்டேசா ஒன்றும் செய்யவில்லை. பிறகு பெரும்பாலும் அந்த ஒரே வேரையே வைத்தார்கள். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அதே வேரில் நின்ற மரங்களைத் திடீர்ச் சாவு என்ற புது நோய் பிடித்தது. புளோரிடாவில் 2005இல் தென்பட்ட பசுமை நோய் என்ற பாக்டீரியா நோயோ, அங்கே ஆரஞ்சு விளைச்சல் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் குறைய முக்கியக் காரணமாகிவிட்டது.

பன்மை எங்கே இருக்கிறது என்பதற்கு விடை உண்டு. 60 மரங்களின் முழு மரபணுவையும் படித்து 2018இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்த ஆய்வு, இந்தக் குடும்பத்தின் பிறப்பிடம் இமயத்தின் தென்கிழக்கு அடிவாரம் என்கிறது: அசாம், வடக்கு மியான்மர், மேற்கு யுன்னான். மேகாலயத்தின் காரோ மலையில் நோக்ரெக் பகுதியில் காட்டு ஆரஞ்சுக்கென்றே ஒரு மரபுவளக் காப்பிடம் இருக்கிறது. அங்கே விளையும் மெமாங் நாரங், அதாவது பேய்களின் ஆரஞ்சு, காரோ மக்களின் ஈமச் சடங்குகளில் இடம்பெறுகிறது.

அவ்வளவு தூரம் போகாமலும் சொல்கிறேன். நம் ஊர்ப் புழக்கடைகளில் விதை போட்டு வளர்ந்த பம்ளிமாஸ், நார்த்தை, கிடாரங்காய் மரங்கள் நிற்கின்றன. நார்த்தை என்று ஓர் ஊரில் சொல்வதை அடுத்த ஊரில் கிடாரங்காய் என்கிறார்கள். எது எது என்று இலையின் டிஎன்ஏயைச் சோதித்தால்தான் தெரியும். ஊறுகாய்க்குக் கூட ஆளில்லை என்று அவற்றை வெட்டுகிறார்கள். அடுத்த முறை ரகங்களைப் பற்றி எழுதும்போது ஒவ்வொன்றின் தாய் எது என்றும் ஒரு வரி சேர்க்கும்படி தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள். வீடு கட்ட மரத்தை வெட்டத்தான் வேண்டுமென்றால், அதற்கு முன் பென்சில் கனத்தில் நாலு குச்சி வெட்டி, இலைகளைக் காம்பு விட்டுக் கிள்ளி, ஈரத்துணியில் சுற்றிப் பக்கத்து நாற்றுப்பண்ணையில் கொடுங்கள்.

என் அத்தை வீட்டுப் பம்ளிமாஸ் மரம் போன வைகாசியில் போய்விட்டது. சதை இளஞ்சிவப்பாக, கசப்பே இல்லாமல் இருக்கும். அதன் மொட்டில் எட்டு ஒட்டுக்கட்டினேன், இரண்டு பிடித்திருக்கின்றன. அளக்க வருகிறவர்கள் எப்போது கேட்டாலும் இலை தருகிறேன்.

இப்படிக்கு,
நாற்றுப்பண்ணைக்காரர் ஒருவர்,
தென்காசி மாவட்டம்.