பாதி வாய்ப்பு இல்லை, மலர்

கும்பகோணம்

அன்புள்ள மலர்,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. லேப்ராஸ்கோப்பி ஆபரேஷனில் கேமரா விடப் போட்ட ஓட்டைகள் ஆறிவிட்டன, தொப்புள் பக்கம் மட்டும் இழுக்கிறது என்று எழுதியிருந்தாய். நிம்மதியாக இருந்தது. ஆனால் கடைசியில் "கரு கருக்குழாயிலேயே தங்கிட்டதால ஒரு டியூபை எடுத்துட்டாங்க, இனிமே பாதி வாய்ப்புதான்" என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததும் மனசு கேட்கவில்லை. போனில் பேசினால் இரண்டு பேருமே அழுதுவிடுவோம், அதனால்தான் நானும் கடிதமாகவே எழுதுகிறேன்.

அந்தக் கணக்கு தப்பு. டிஸ்சார்ஜ் பண்ணும்போது உனக்கு யாரும் உட்கார்ந்து விளக்கிச் சொல்லவில்லை என்று தெரிகிறது. உன்னுடைய இரண்டு சினைப்பைகளும் அப்படியேதான் இருக்கின்றன. மாதாமாதம் ஏதோ ஒன்றிலிருந்து முட்டை வரும். இந்த மாதம் வலது, அடுத்த மாதம் இடது என்று முறை வைத்து வருவதும் இல்லை. கருக்குழாய் சினைப்பையோடு இறுக ஒட்டிய உறுப்பு கிடையாது. அதன் நுனியில் விரல் விரலாக இழைகள் இருக்கும். அவை அசைந்து முட்டையை உள்ளே இழுத்துக்கொள்ளும். குழாய் இல்லாத பக்கத்தில் வெளிவந்த முட்டையைக்கூட மறுபக்கக் குழாய் எட்டி வாங்கிக்கொள்வது உண்டு. எனக்கும் ஒரு குழாய்தான். என் பெண் அதற்குப் பிறகு பிறந்தவள் என்பது உனக்குத் தெரியாததா?

என்னை மட்டும் வைத்துச் சொல்லவில்லை. 2014இல் லான்செட் இதழில் பல நாட்டு மருத்துவமனைகள் சேர்ந்து செய்த ஒரு ஆய்வு வந்தது. மறுபக்கக் குழாய் நன்றாக இருந்த பெண்களைத்தான் அதில் எடுத்துக்கொண்டார்கள். குழாயை எடுத்தவர்களில் சுமார் 56 சதவீதம் பேர் மூன்று வருடத்துக்குள் சிகிச்சை எதுவும் இல்லாமலே கருத்தரித்தார்கள். குழாயை விட்டுவைத்துக் கருவை மட்டும் எடுத்தவர்களில் சுமார் 61. பெரிய வித்தியாசம் இல்லை என்றுதான் முடிவுக்கு வந்தார்கள். வார்டில் அழுகிற பெண்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

அதனால் இப்போது நீ தெரிந்துகொள்ள வேண்டியது, எஞ்சியிருக்கும் குழாய் எப்படி இருக்கிறது என்பதுதான். கேமரா வைத்து உள்ளே பார்த்தபோதே சர்ஜன் அதையும் பார்த்திருப்பார். ஒட்டல் இருக்கிறதா, வீங்கியிருக்கிறதா என்று ஆபரேஷன் நோட்ஸில் எழுதுவது வழக்கம். டிஸ்சார்ஜ் சம்மரியில் அது இல்லையென்றால் கேட்டு வாங்கு. அது உன் ரிப்போர்ட், கேட்கக் கூச்சப்படாதே. எடுத்த குழாயை பயாப்ஸிக்கு அனுப்பியிருந்தால் அந்த ரிசல்ட்டையும் வாங்கு. நம் ஊரில் கருக்குழாயில் காசநோய் இருந்து, வெளியே ஒன்றுமே தெரியாமல் போவது உண்டு. கண்டுபிடித்தால் மருந்து இருக்கிறது.

இன்னொன்று. கல்லூரி ரத்ததான முகாமில் உன் குரூப் நெகட்டிவ் என்று சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. நெகட்டிவ் குரூப் பெண்களுக்குப் போடும் ஆன்டி-டி ஊசி போட்டார்களா? 72 மணி நேரத்துக்குள் போட வேண்டிய ஊசி அது. சம்மரியில் கண்ணில் படவில்லை என்றால் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் கேள். அடுத்த குழந்தையைப் பாதிக்கிற விஷயம்.

உன் நாத்தனார் சொன்ன "மூணு மாசம் தொடவே கூடாது" என்பது, ஆபரேஷன் இல்லாமல் கருவைக் கரைக்க மெத்தோட்ரெக்ஸேட் ஊசி போட்டவர்களுக்கான கெடு. அந்த மருந்து உடம்பில் இருக்கும் ஃபோலேட் சத்தின் வேலையைத் தடுத்துவிடும், அதனால் அப்படிச் சொல்வார்கள். உனக்கு அந்த ஊசி போடவில்லை. இரண்டு மாதவிடாய் ஒழுங்காக வந்துபோகட்டும் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். ஃபோலிக் ஆசிட் மாத்திரையை மட்டும் இப்போதே ஆரம்பித்துவிடு. நமக்கு முப்பத்தாறு ஆகிவிட்டது, ஆறு மாதம் முயன்றும் நிற்கவில்லை என்றால் சும்மா இருக்காதே. குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் எக்ஸ்ரே, எச்.எஸ்.ஜி., எடுக்க டாக்டர் சொல்லலாம். அப்போது உன் வீட்டுக்காரரும் ஒரு விந்து பரிசோதனை செய்துகொள்ளட்டும். எல்லா டெஸ்டும் பெண்ணுக்கே என்று வைத்திருப்பது எனக்கு ஆறாத கோபம்.

அடுத்த முறை நாள் தள்ளினால் முதல் வேலை, ஆறு வாரத்தில் ஸ்கேன். பத்தில் ஒருவருக்கு மறுபடியும் குழாயிலேயே தங்கலாம். ஒரு பக்கமாக வலி, தலைசுற்றல், தோள்பட்டை நுனியில் வலி என்று எது வந்தாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடு. உள்ளே ரத்தம் கசிந்தால் தோள் வலிக்கும். நான் முதலில் போன இடத்தில் அதை வாய்வுப் பிடிப்பு என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

குழாய் இரண்டும் கைவிட்டாலும் வழி அடைபடாது. ஐ.வி.எஃப்., அதாவது சோதனைக்குழாய் முறை, முதலில் கைகொடுத்ததே இந்தக் கோளாறுக்குத்தான். 1978இல் இங்கிலாந்தில் உலகின் முதல் சோதனைக்குழாய் குழந்தையான லூயிஸ் பிரவுனைப் பெற்ற அம்மாவுக்குக் கருக்குழாய்கள் அடைபட்டிருந்தன.

அப்புறம், உன் மாமியார் "அது வெறும் ரத்தக்கட்டிதானே" என்று சொன்னாராமே. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார், ஆனாலும் அது அப்படி இல்லை. நாள் எண்ணி, பெயர்கூட யோசித்து வைத்திருந்தாய். அழ வேண்டும் போலிருந்தால் அழு, வேலைக்குச் சீக்கிரம் திரும்பி யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டாம். அடுத்த மாதம் உன் கொழுந்தன் மனைவி வளைகாப்புக்கு மனசு வரவில்லை என்றால் போகாதே. தலைவலி என்று பொய்கூட வேண்டாம், முடியவில்லை என்று சொன்னால் போதும்.

உன் அம்மா திருக்கருகாவூர் கோயிலுக்குப் போகலாம் என்கிறாராம். தாராளமாக வாருங்கள், இங்கிருந்து பக்கம்தான். அங்கே கொடுக்கும் நெய்யைச் சாப்பிடு, மாத்திரையையும் விடாதே.

அப்பாவுக்குக் கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது. இப்போது பேப்பரை வரி விடாமல் படித்து எங்களுக்கும் வாசித்துக் காட்டுகிறார். எனக்கு அடுத்த வாரம் முழுக்க நைட் டூட்டி, பகலில் வீட்டில்தான் இருப்பேன். சம்மரியை எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பு, எங்கள் டாக்டரம்மாவிடம் காட்டுகிறேன். ஆன்டி-டி விஷயத்தை மட்டும் அதற்குக் காத்திருக்காமல் நாளைக்கே கேட்டுவிடு.

அன்புடன்,
சுதா