உல்மானும் ஹாஸும்: நண்பருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பர் கணேசனுக்கு,

உங்கள் கடிதம் சென்ற மாதமே கிடைத்தது. கண் அறுவைக்குப் பிறகு சில வாரங்கள் படிக்கவும் எழுதவும் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்ததால் பதில் தாமதமாகிவிட்டது. அந்த மாலைப் பொழுதுகளில், நீங்கள் குறிப்பிட்டிருந்த ஸ்ட்ரிங் குவார்ட்டெட்டுகளை, அதாவது நான்கு தந்திக் கருவிகளுக்கான இசைப் படைப்புகளைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். நாஜிகள் கொன்ற இசைக்கலைஞர்களின் படைப்புகளை நாம் இரக்கத்தால்தான் கேட்கிறோமோ என்று வினவியிருந்தீர்கள். அந்தக் கேள்வி என்னை விடவேயில்லை.

விக்டர் உல்மான் தம் மூன்றாவது குவார்ட்டெட்டை 1943-இல், செக் நாட்டின் தெரேசின் நகரில் யூதர்களை அடைத்து வைத்திருந்த முகாமில் எழுதினார். அழுகையை எதிர்பார்த்துக் கேட்கத் தொடங்கிய எனக்கு, மென்மையாக அசைந்தாடும் ஒரு மெட்டு முதலில் வந்தது. பிறகு மிக மெதுவான பகுதியில் ஒரு கருவி தனியே தொடங்கியதை மற்றவை ஒவ்வொன்றாக ஏற்றுக்கொள்கின்றன. முடிவில் அந்தத் தொடக்க மெட்டே முழு வலிமையோடு திரும்பி வருகிறது. கால்மணி நேரம்கூட ஆகாத இந்த இசையின் கட்டுமானத்தில் ஒரு தளர்வும் இல்லை. இங்கே இரக்கத்துக்கு வேலையே இல்லை என்று எனக்குத் தோன்றியது.

பவெல் ஹாஸின் இரண்டாவது குவார்ட்டெட் இன்னும் தெளிவான விடை. முகாம்களுக்கு வெகு முன்பே, 1925-இல், ‘குரங்கு மலைகள்’ என்று மக்கள் வேடிக்கையாக அழைத்த, செக் நாட்டின் மொராவியப் பகுதி மேட்டு நிலத்தின் நினைவாக அவர் எழுதியது அது. ஒரு பகுதியில் குதிரைவண்டி ஒன்று மேடுபள்ளங்களில் தடுமாறி ஓடுகிறது. கடைசிப் பகுதியில் நான்கு தந்திக் கருவிகளோடு ஜாஸ் முரசுகளும் சேர்ந்து இரவெல்லாம் கூத்தாடுகின்றன. இளமை பொங்கும் இந்தப் படைப்பையும் அவருடைய மரணத்தைச் சொல்லியே அறிமுகப்படுத்துகிறார்களே என்பதுதான் என் வருத்தம். நாஜிகளின் சிறை முகாமில் இறந்த எர்வின் ஷுல்ஹோஃப் 1923-இல் எழுதிய ஐந்து சிறு நடனங்களுக்கும், டாங்கோவும் டாரன்டெல்லாவும் துள்ளும் அவற்றுக்கும், இதே கதிதான்.

1944 அக்டோபர் 16 அன்று உல்மானையும் ஹாஸையும் ஒரே ரயிலில் ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு அனுப்பினார்கள். தம் கைப்பிரதிகளை உடன் எடுத்துச் செல்லவே உல்மான் எண்ணியிருந்தார். நண்பர்கள் வற்புறுத்தியதால், முகாம் நூலகத்தின் பொறுப்பிலிருந்த எமில் உட்டிட்ஸிடம் விட்டுச் சென்றார். அந்த வற்புறுத்தல் இல்லாதிருந்தால் எனக்கு இந்த மாலைப் பொழுதுகள் கிடைத்திருக்காது.

தை மாதம் நீங்கள் வரும்போது, ஹாஸின் கடைசிப் பகுதியை முரசுகளுடன் ஒரு முறையும் அவை இல்லாமல் ஒரு முறையும் சேர்ந்து கேட்போம். இரண்டு பதிவுகளையும் எடுத்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
சிவராமன்