144 ஹெர்ட்ஸ் வரும் என்று சொல்லி விற்ற மானிட்டர்: புகார்

பெறுநர்:
குறைதீர் அலுவலர் அவர்கள்,
இணைய விற்பனைப் பிரிவு

பொருள்: 27 அங்குல மானிட்டரையும் கேபிளையும் திரும்ப எடுத்துக்கொண்டு முழுத் தொகையைத் தரக் கோருதல்

ஐயா / அம்மா,

சிவகாசியில் டிடிபி வேலை, அதாவது அச்சுக்குப் போகும் பக்கங்களைக் கணினியில் அமைக்கும் வேலை, செய்கிறேன். தினசரி காலண்டர், டைரி, கல்யாணப் பத்திரிகை எல்லாம் வரும். ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் ஆல்பம் வெளியாக வேண்டும் என்பதால் அதற்கு முந்தைய இரண்டு மாதமும் காலை முதல் இரவு வரை கண் திரையிலேயே இருக்கும். நண்பரின் அச்சகத்தில் 144 ஹெர்ட்ஸ் திரை, அதாவது விநாடிக்கு 144 தடவை படத்தைப் புதுப்பிக்கும் திரை, ஒன்றைப் பார்த்தேன். பக்கத்தை வேகமாக உருட்டினாலும் எழுத்து இழுபடாமல் ஓடியது. அதைப் பார்த்த ஆசையில்தான் உங்கள் தளத்தில் 2560 × 1440 புள்ளி, 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன்.

என் கணினி பழசு என்பது எனக்குத் தெரியும். அதனால் பணம் கட்டும் முன்பே, ஜூன் 9 அன்று, உங்கள் சாட்டில் கேட்டேன். கணினியிலிருந்து திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் கார்டு ஜிடிஎக்ஸ் 750 டிஐ, திரையை இணைக்கப் பின்னால் இரண்டு டிவிஐ, ஒரு மினி எச்டிஎம்ஐ துளைகள் இருக்கின்றன, டிஸ்ப்ளேபோர்ட் என்ற துளை கிடையாது என்று எழுதி, படமும் அனுப்பினேன். "கார்டிலும் எச்டிஎம்ஐ, மானிட்டரிலும் எச்டிஎம்ஐ. உங்கள் கார்டு 4கே வரைக்கும் தாங்கும் சார், 144 தாராளமாக வரும்" என்பது உங்கள் ஊழியரின் பதில். அதை நம்பி ரூ. 21,500 கட்டினேன். உரையாடலின் நகலை இணைத்திருக்கிறேன்.

மானிட்டர் வந்தது. மினி எச்டிஎம்ஐ முனைக்கு ஒரு மாற்றியைப் போட்டு மாட்டினேன். படம் நன்றாக வந்தது. ஆனால் விண்டோஸ் அமைப்பில் 60 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவுமே இல்லை.

உங்கள் உதவி மையத்தை அழைத்தேன். கேபிளில்தான் கோளாறு என்றார்கள். ஒரு முனை எச்டிஎம்ஐ, மறுமுனை டிஸ்ப்ளேபோர்ட் என்று ஒரு கேபிளை ரூ. 1,150க்கு வாங்க வைத்தார்கள். மாட்டினால் 'நோ சிக்னல்'. பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்: அந்த வகைக் கேபிள் ஒருவழிப் பாதை. கணினியில் டிஸ்ப்ளேபோர்ட் இருந்து, திரையில் எச்டிஎம்ஐ இருந்தால் வேலை செய்யும். என் நிலைமை நேர் எதிர். தனி மின்சாரம் எடுக்கும் மாற்றி வாங்கிப் போட்டிருந்தாலும் பயன் இருந்திருக்காது, சிக்கல் கார்டிலிருந்து வெளியே வரும் வழியிலேயே இருக்கிறது.

2014இல் வந்த இந்தக் கார்டில் இருப்பது எச்டிஎம்ஐயின் 1.4 என்ற பதிப்பு. அதில் படத்துக்கென்று போகக்கூடியது விநாடிக்கு 8.16 ஜிகாபிட். 2560 × 1440 என்றால் ஒரு படத்துக்கு 36,86,400 புள்ளிகள். புள்ளிக்கு 24 பிட், விநாடிக்கு 144 படம் என்று பெருக்கினால் 12.7 ஜிகாபிட்டைத் தாண்டுகிறது. படங்களுக்கு இடையில் விடும் இடைவெளியை நான் இதில் சேர்க்கவே இல்லை. உங்கள் ஊழியர் சொன்ன 4கே பொய்யில்லை, கார்டின் விவரக்குறிப்பில் 4096 × 2160 என்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த அளவில் இந்த வழியில் விநாடிக்கு 24 படம்தான் போகும். எத்தனை புள்ளி என்று பார்த்தவர், எத்தனை தடவை என்று பார்க்கவில்லை. இதே கார்டில் டிஸ்ப்ளேபோர்ட் 1.2 இருந்திருந்தால் 144 வந்திருக்கும். அதனால்தான் டிஸ்ப்ளேபோர்ட் இல்லை என்பதை நான் முதலிலேயே எழுதினேன்.

மூன்றாவது முறை அழைத்தபோது கிடைத்த யோசனை, "1920 × 1080க்கு மாற்றுங்கள் சார், 120 வரும்." வருகிறது, உண்மைதான். ஆனால் 1440 வரிகள் உள்ள திரையில் 1080 வரிகளை இழுத்துப் போட்டால், மூன்று புள்ளியை நான்கில் பரப்ப வேண்டும். எழுத்து மங்குகிறது. மெய்ப்புத் திருத்துகிறவனுக்கு இது எப்படி உதவும்? ராகு காலக் கட்டத்தில் பொடி எழுத்தில் ஒரு மெய்யெழுத்தின் புள்ளி இருக்கிறதா, கசிந்த கறையா என்று தெரியவில்லை. இதற்கு என் பழைய மானிட்டரே மேல்.

கடைசியாக, புதுக் கார்டு வாங்கச் சொன்னார்கள். ஆனை வாங்கியவனுக்கு அங்குசம் வாங்க முடியாதா என்பது போலப் பேசினார் அந்தத் தம்பி. நான் 750 டிஐ போட்டதே, அது 60 வாட்டில் ஓடும், தனி பவர் கேபிள் வேண்டாம், கணினிக்கு மின்சாரம் தரும் பழைய எஸ்எம்பிஎஸ் பெட்டியை மாற்ற வேண்டாம் என்றுதான். அவர் சொன்ன கார்டுக்கு எஸ்எம்பிஎஸ்ஸும் மாற்ற வேண்டும். இந்தச் செலவு முன்பே தெரிந்திருந்தால் மானிட்டரே வாங்கியிருக்க மாட்டேன்.

சரி, திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். மானிட்டரில் பழுதில்லை, வாடிக்கையாளர் மனம் மாறியதாகக் கணக்கு, ஆகவே 15 சதவீதம், அதாவது ரூ. 3,225, பிடித்தம் என்று மின்னஞ்சல் வந்தது. மானிட்டரில் பழுதில்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் மனம் மாறவில்லை. கேட்டுவிட்டு, நீங்கள் சொன்னதை நம்பி வாங்கினேன். நீங்கள் சொன்னது தவறு. நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், 2020இன்படி, விளம்பரப்படுத்திய அல்லது ஒப்புக்கொண்ட தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க விற்பனையாளர் மறுக்கக் கூடாது. 144 ஹெர்ட்ஸ் வரும் என்று எழுத்தில் சொன்னதை ஒப்புக்கொண்டது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

எனக்கு வேண்டியது மானிட்டருக்கும் கேபிளுக்கும் சேர்த்து ரூ. 22,650, பிடித்தம் இல்லாமல். இலவசக் கார்டோ, நஷ்ட ஈடோ கேட்கவில்லை. அதே விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகப் பதிலும், ஒரு மாதத்துக்குள் தீர்வும் எதிர்பார்க்கிறேன். இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன்.

அப்புறம், சாட்டில் பதில் சொன்ன பையன் மேல் நடவடிக்கை எதுவும் வேண்டாம். கார்டில் எந்த எச்டிஎம்ஐ என்று கேட்க அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

பெட்டி, தெர்மாகோல், கேபிள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. எடுக்க ஆள் அனுப்புவதாக இருந்தால் மதியம் 2 மணிக்கு மேல் வரச் சொல்லுங்கள், காலையில் அச்சகத்தில் இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
சிவகாசி

இணைப்பு: சாட் நகல், இரண்டு ரசீதுகள், கார்டின் பின்பக்கப் படம், 60 ஹெர்ட்ஸ் காட்டும் திரைப் படம்