‘ஏன் செய்தேன்’ என்று மனத்தைக் கேட்டால் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் உள்நோக்கங்களை நாமே சோதித்துப் பார்க்க வேண்டும் என்ற அறிவுரையை ஆன்மிகக் கட்டுரைகளிலும் சொற்பொழிவுகளிலும் அடிக்கடி காண்கிறோம். தேவையான அறிவுரைதான். மனத்தில் மாசு இல்லாமல் இருப்பதே அறம், மற்றவை ஆரவாரம் என்று 34ஆம் குறளில் வள்ளுவர் சொல்கிறார். ஈகை, வேண்டுதல், நோன்பு ஆகிய மூன்றையும் பிறர் காண வேண்டும் என்பதற்காகச் செய்வதை மத்தேயு நற்செய்தியின் 6ஆம் அதிகாரம் கண்டிக்கிறது. செயல்கள் யாவும் எண்ணங்களைப் பொறுத்தே அமைகின்றன என்ற நபிமொழியையே இமாம் புகாரி தம் தொகுப்பில் முதலாவதாக வைத்தார். ஆனால், அந்தச் சோதனையை எப்படிச் செய்வது என்று கேட்டால் நமக்குக் கிடைக்கும் விடை பெரும்பாலும் ‘உன் மனத்தைக் கேட்டுப் பார்’ என்பதோடு முடிந்துவிடுகிறது. கேட்டால் மனம் உண்மையைச் சொல்லிவிடும் என்ற நம்பிக்கை அதற்குள் இருக்கிறது. அந்த நம்பிக்கை தவறானது என்பதே இக்கடிதத்தில் நான் சொல்ல விரும்புவது.

அமெரிக்க உளவியலாளர்கள் ரிச்சர்ட் நிஸ்பெட், திமோதி வில்சன் ஆகியோர் 1977இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் எளிய சோதனை ஒன்று விவரிக்கப்பட்டுள்ளது. எல்லா வகையிலும் ஒன்றுபோல் இருந்த நான்கு ஜோடிக் காலுறைகளை வரிசையாக வைத்து, எது தரமானது என்று மக்களிடம் கேட்டார்கள். வலக்கோடியில் இருந்த ஜோடியையே அதிகம் பேர் தேர்ந்தெடுத்தனர். காரணம் கேட்டபோது வைக்கப்பட்டிருந்த இடத்தை ஒருவரும் சொல்லவில்லை. இடம்தான் காரணமாக இருக்குமோ என்று நேராகக் கேட்டபோதும் ஏறத்தாழ எல்லோரும் மறுத்துவிட்டனர். அவர்கள் பொய் சொல்லவில்லை. தங்களுக்குத் தெரியாத ஒரு காரணத்தின் இடத்தில், பொருத்தமாகத் தோன்றிய வேறொரு காரணத்தை வைத்து, அதை உண்மையாகவே நம்பினார்கள். காலுறை விஷயத்திலேயே இப்படி என்றால், நம் நற்பெயர் சம்பந்தப்பட்ட இடத்தில் மனம் எவ்வளவு விரைந்து வேலை செய்யும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். கட்சிக்காரர் வாய் திறக்கும் முன்பே வாதத்தை ஆயத்தம் செய்துவிடும் வழக்கறிஞரைப் போல, நாம் கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் அது ஒரு நல்ல நோக்கத்தை எடுத்து நீட்டிவிடுகிறது.

இதைவிடவும் என்னைக் கலங்கச் செய்தது, டேனியல் பேட்சன் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1997இல் வெளியிட்ட ஆய்வு. இரண்டு வேலைகள், ஒன்றில் பரிசு கிடைக்க வாய்ப்பு உண்டு, மற்றொன்று சலிப்பானது. எதைத் தமக்கு வைத்துக்கொள்வது, எதை முகம் தெரியாத இன்னொருவருக்குக் கொடுப்பது என்பதைப் பங்கேற்றவரே முடிவு செய்யலாம். நாணயத்தைச் சுண்டி முடிவெடுப்பதே நியாயம் என்று பெரும்பாலோர் ஒப்புக்கொண்டனர். ஏறத்தாழப் பாதிப் பேர் உண்மையிலேயே சுண்டவும் செய்தனர். அப்படிச் சுண்டியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு நல்ல வேலை அவர்களுக்கே வந்து சேர்ந்தது. நாணயம் இவ்வாறு ஒரு பக்கமாகவே விழாது. விழுந்த விதம் பாதகமாக இருந்தபோது அதற்கு ஏதோ ஒரு விளக்கம் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. அத்தோடு, சுண்டியவர்கள் சுண்டாதவர்களைவிடத் தாங்கள் நேர்மையாக நடந்துகொண்டதாகவே மதிப்பிட்டனர். நேர்மையாக இருப்பதைவிட, நேர்மையானவராகத் தம் கண்ணுக்கே தெரிவது அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. பின்னர் நடந்த ஓர் ஆய்வில், சுண்டுபவர் எதிரே அவர் முகம் தெரியும்படி ஒரு கண்ணாடி வைக்கப்பட்டபோது முடிவுகள் இரு பக்கமும் சமமாக அமைந்தன.

சமய வாழ்வில் ஆழ்ந்திருப்பவர்களுக்கு இந்தக் குறை இருக்காது என்று சொல்வார்கள். 1973இல் உளவியலாளர் ஜான் டார்லியும் முன்னர் சொன்ன பேட்சனும் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்கள் 40 பேரிடம் நடத்திய சோதனை அப்படிச் சொல்லவில்லை. வழியில் அடிபட்டுக் கிடந்தவருக்கு உதவிய நல்ல சமாரியரைப் பற்றிப் பேசும்படி பாதிப் பேரிடம் சொல்லி, அடுத்த கட்டடத்துக்கு அனுப்பினார்கள். வழியில் ஒருவர் சுருண்டு கிடந்து இருமிக்கொண்டிருந்தார். அவசரம் இல்லாதவர்களில் 63 விழுக்காட்டினர் நின்று உதவினர். நேரமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் உதவியவர்கள் 10 விழுக்காட்டினர் மட்டுமே. எதைப் பற்றிப் பேசப் போகிறார்கள் என்பது குறிப்பிடத்தக்க வேறுபாட்டை ஏற்படுத்தவில்லை. இந்த ஆய்வைக் காட்டிச் சமயத்தைப் பழிப்பவர்களோடு நான் உடன்படவில்லை. அந்த மாணவர்கள் தீயவர்கள் அல்லர். தங்களுக்காகக் காத்திருப்பவர் என்ன நினைப்பாரோ என்ற அச்சம், அந்த நேரத்தில், தாங்கள் வாயால் போற்றவிருந்த இரக்கத்தைவிடப் பெரிதாகிவிட்டது. அவர்களுடைய உள்ளத்தைக் கேட்டிருந்தால் ‘இரக்கம்’ என்றே விடை வந்திருக்கும்; அவர்களுடைய கால்கள் வேறு விடை சொல்லின.

எனவே, நோக்கத்தைத் தேட வேண்டிய இடம் நாம் சொல்லிக்கொள்ளும் காரணம் அன்று. நாம் எதிர்பார்த்தது கிடைக்காதபோது நமக்குள் எழுவது எது என்பதே. ஒருவருடைய தவறை எடுத்துச் சொல்லிவிட்டு ‘அவருடைய நன்மைக்காகத்தான் சொன்னேன்’ என்கிறோம். அதே தவறை வேறொருவர், நம்மைவிட இதமாக, முன்னரே சொல்லி அவர் திருந்தியும்விட்டார் என்று வைத்துக்கொள்வோம். நமக்கு மகிழ்ச்சி வருகிறதா, அல்லது எதையோ பறிகொடுத்த உணர்வு வருகிறதா? அவருடைய நன்மைதான் நம் நோக்கம் என்றால் அது நிறைவேறிவிட்டது. வருத்தத்துக்கு இடமே இல்லை. உதவி செய்தவருக்கு நன்றி வராதபோது எழும் கசப்பும், மன்னிப்புக் கேட்டவர் அது உடனே ஏற்கப்படாதபோது கொள்ளும் கோபமும், பிள்ளையின் எதிர்காலத்துக்காக என்று வற்புறுத்தும் பெற்றோர் அப்பிள்ளை தான் விரும்பிய வேறு வழியில் நன்றாக வாழ்வதைக் கண்டும் அடையும் மனத்தாங்கலும் இதே வகையைச் சேர்ந்தவை. இவற்றை நான் குற்றங்களாகச் சொல்லவில்லை. நாம் உண்மையில் எதை நாடினோம் என்பதற்கு இவற்றைவிட நம்பத்தக்க சான்று நமக்குக் கிடைப்பதில்லை.

இறைநம்பிக்கையில் இந்தச் சோதனை இன்னும் கூர்மையாகிறது. பலர் முன்னிலையில் செய்யும் வழிபாட்டுக்கும், ஒருவரும் அறியாமல் அறைக்குள் செய்யும் வழிபாட்டுக்கும் நேரத்திலும் ஈடுபாட்டிலும் எவ்வளவு வேறுபாடு இருக்கிறது? பல காலம் நாம் செய்துவந்த இறைப்பணி இன்னொருவருக்கு ஒப்படைக்கப்பட்டு, அவர் நம்மைவிடச் சிறப்பாகச் செய்தால், பணி சிறந்ததே என்று நிறைவு கொள்கிறோமா? கேட்டது நெடுங்காலம் கிடைக்காதபோது வேண்டுதல் தேய்கிறதா? கேட்பது தவறு என்று நான் கூறவில்லை. துன்பத்தில் இறைவனிடம் கேட்பதைப் பல நெறிகளும் ஏற்கின்றன. ஆனால், 1967இல் உளவியல் ஆய்வாளர்கள் கார்டன் ஆல்போர்ட்டும் மைக்கேல் ராஸும் காட்டிய வேறுபாட்டை நாம் மனத்தில் கொள்ள வேண்டும்: சமயத்தைப் பாதுகாப்புக்கும் மதிப்புக்கும் உறவுகளுக்கும் பயன்படுத்திக்கொள்வோர் ஒரு வகை, அதை வாழ்வோர் மற்றொரு வகை. நம்மில் மிகப் பலர் இரண்டுக்கும் நடுவே எங்கோ இருக்கிறோம். எந்தப் பக்கம் நகர்ந்துகொண்டிருக்கிறோம் என்பதைத்தான் அறிய வேண்டும்.

அதற்கு முன்னோர் நல்ல வழிமுறைகளை விட்டுச் சென்றிருக்கிறார்கள். இயேசு சபையை நிறுவிய கத்தோலிக்கத் துறவி லொயோலாவின் இஞ்ஞாசியார் 1548இல் வெளியிட்ட ஆன்மிகப் பயிற்சி நூலில் ஒரு முறையைச் சொல்கிறார்: ஒரே ஒரு குறையை எடுத்துக்கொண்டு, காலையில் அதைத் தவிர்க்க உறுதிபூண்டு, நண்பகலிலும் இரவிலும் அது எத்தனை முறை நேர்ந்தது என்பதைக் கோட்டின் மேல் புள்ளிகளாகக் குறிக்க வேண்டும், நாளுக்கு நாள், வாரத்துக்கு வாரம் ஒப்பிட வேண்டும். ‘நான் எப்படிப்பட்டவன்’ என்ற பரந்த கேள்வியை அவர் இங்கே கேட்கவே இல்லை. அந்தக் கேள்விக்கு மனம் எத்தனை அழகான விடையையும் புனைந்துவிடும். எழுதிவைத்த புள்ளிகளை அப்படி மாற்ற முடியாது.

இவ்வளவையும் படித்துவிட்டு, நோக்கம் தூய்மையாகும்வரை நற்செயலை நிறுத்திவைக்க வேண்டுமோ என்று ஒருவர் தயங்கினால், அந்தத் தயக்கம் தவறு என்று உறுதியாகச் சொல்வேன். எவ்வளவு கடுமையாக நம்மைச் சோதித்தாலும் மறைவான தன்னலம் எதுவும் இல்லை என்று திட்டமாகக் கூற இயலாது என 1785இலேயே ஜெர்மன் தத்துவ அறிஞர் இம்மானுவேல் காண்ட் எழுதினார். அப்படியிருக்கத் தூய்மைக்காகக் காத்திருப்பவர் கடைசிவரை காத்திருக்க வேண்டியதுதான். மக்கள் பார்வைக்காக நற்செயல் செய்வதைப் போலவே மக்கள் பார்வைக்காக அதைக் கைவிடுவதும் பிழையே என்ற பொருளில், 8ஆம் நூற்றாண்டின் இஸ்லாமிய ஞானி ஃபுழைல் இப்னு இயாழ் கூறியதாக ஒரு மொழி வழங்குகிறது. மிக நுட்பமான பார்வை அது. விளம்பரம் என்று சொல்லிவிடுவார்களோ என அஞ்சி உதவாமல் போகிறவரும் பிறர் கண்ணையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இன்னொன்றையும் வலியுறுத்த வேண்டும். இந்தச் சோதனை நமக்கு நாமே செய்துகொள்ள வேண்டியது. இன்றோ யார் நல்லது செய்தாலும் ‘இதில் அவருக்கு என்ன ஆதாயம்’ என்று கேட்பது அறிவுடைமையாகக் கருதப்படுகிறது. நம் நோக்கமே நமக்குத் தெளிவாகத் தெரியாதபோது, அடுத்தவர் நெஞ்சுக்குள் இருப்பதை ஒரு செய்தியை வைத்துத் தீர்ப்பளிப்பது எப்படி நியாயமாகும்? பொதுப் பணத்தையும் அதிகாரத்தையும் கையாள்வோரின் செயல்களைக் கேள்வி கேட்பது குடிமக்களின் கடமை. அங்கும் கணக்கைக் கேட்கலாம், விளைவைக் கேட்கலாம்; நெஞ்சுக்குள் இருப்பதற்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். ஆன்மிகப் பகுதியில் உள்ளத் தூய்மையை வலியுறுத்தும் கட்டுரைகளோடு, பல்வேறு நெறிகளில் வழிவழியாக வந்துள்ள தற்சோதனை முறைகளை, அவற்றை நாள்தோறும் கடைப்பிடிப்பவர்களைக் கொண்டே விளக்கி எழுதச் செய்து வெளியிட வேண்டும். என்ன கேட்கிறார்கள், எப்போது கேட்கிறார்கள், எதை எழுதிவைக்கிறார்கள், எங்கே தடுமாறுகிறார்கள் என்ற விவரங்களோடு அவை அமைந்தால், நம்பிக்கை உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் ஒருசேரப் பயன்படும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்