வருகைப் பதிவேட்டில் கடைசிப் பெயர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சேலத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் எஸ்டாபிளிஷ்மென்ட் சீட்டில், அதாவது ஊழியர் நியமனம், பதவி உயர்வு விவகாரங்களைப் பார்க்கும் பிரிவில், பல வருடம் இருந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். போன மாதம் எங்கள் தெருப் பெண் ஒருத்திக்கு குரூப் 4-ல் நியமன ஆணை வந்தது. பிரசவமாகி இருபது நாள்தான் ஆகியிருந்தது. பணியேற்க அவகாசம் கேட்டு மனு எழுதித் தரச் சொல்லி அவளுடைய அப்பா வந்தார். எழுதிக் கொடுத்தேன். வாசல்வரை போனவர் திரும்பி வந்து கேட்டார்: "லேட்டா சேர்ந்தா சீனியாரிட்டி போயிடும்ங்கிறாங்களே அண்ணே, கைக்குழந்தையோட இப்பவே அனுப்பிடட்டுமா?"

அந்தக் கேள்விதான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது.

போகாது. தேர்வாணையம் மூலம் நேரடியாகத் தேர்வானவருக்குப் பணிமூப்பு, அதாவது சீனியாரிட்டி, என்பது தேர்ந்தோர் பட்டியலில் அவர் பெற்ற தரவரிசை. என் காலத்தில் பொதுவிதி 35(அ) இதைத்தான் சொன்னது. தகுதிகாண் பருவம் (புரொபேஷன்) பணியில் சேர்ந்த நாளிலிருந்து தொடங்கும், பணிமூப்பு எதுவாக இருந்தாலும் சரி என்று அதே விதியிலேயே இருந்தது. அதாவது இரண்டும் வேறு வேறு கணக்கு. 2016-ல் விதிகள் சட்டமாக மாறிய பிறகும் தரவரிசைதான் அடிப்படை. அந்தச் சட்டத்தில் இடஒதுக்கீட்டுச் சுழற்சியை (எந்த இடம் எந்தப் பிரிவினருக்கு என்ற வரிசையை) பணிமூப்போடு முடிச்சுப் போட்டிருந்த பகுதியைத்தான் சென்னை உயர் நீதிமன்றம் 2019-ல் செல்லாது என்றது.

விதி இவ்வளவு தெளிவாக இருந்தும் அலுவலகங்களில் தேதிக் கணக்கு எப்படி நுழைகிறது? வருகைப் பதிவேடு வழியாகத்தான். புதிதாக வருபவர் பெயரை அந்த மாதப் பக்கத்தில் கடைசி வரியில் எழுதுவோம். அடுத்த மாதம் புதுப் பக்கம் போடும்போது அதே வரிசையைப் பார்த்து எழுதுவோம். இரண்டு வருடத்தில் அந்த வரிசையே சீனியாரிட்டி என்று எல்லோர் மனதிலும் பதிந்துவிடும். சேருகிற நாளில் முற்பகலா பிற்பகலா என்று பணியேற்பு அறிக்கையில் எழுதுவதற்கே பிள்ளைகள் படபடத்து ஓடிவருவதைப் பார்த்திருக்கிறேன். பத்து மணிக்குள் கையெழுத்துப் போட்டால் முன்னே, மதியம் போட்டால் பின்னே என்று யாரோ சொல்லி அனுப்பியிருப்பார்கள்.

நானும் அந்தத் தவறைச் செய்தவன். 1997 என்று நினைவு. ஏற்காட்டுக்கு மேலே ஒரு மலைக்கிராமத்திலிருந்து ஒரு பெண் இளநிலை உதவியாளராக வந்தார். பேறுகாலத்துக்காக முறையாக அனுமதி வாங்கி நாற்பது நாள் தள்ளிச் சேர்ந்தவர். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் பஸ்ஸில் இறங்கி, நெஞ்சோடு ஒரு துணிப்பையை அணைத்தபடி என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். அவரோடு தேர்வானவர்களில் ஒன்பது பேர் தரவரிசையில் அவருக்குக் கீழே. பணிமூப்புப் பட்டியல் தயாரித்தபோது அந்த ஒன்பது பேருக்கும் கீழே அவர் பெயரை எழுதினேன். என் மேலதிகாரி "தேதிப்படி போடப்பா" என்றார், போட்டேன். விதியை எடுத்துப் பார்க்கவில்லை. பட்டியலைச் சுற்றுக்கு விட்டபோது அந்தப் பெண்ணும் கையெழுத்துப் போட்டார். லேட்டாக வந்தது நாம்தானே என்று நினைத்திருப்பார்.

உதவியாளர் பதவி உயர்வுப் பட்டியல் வந்தபோதுதான் அவருக்கு விஷயம் தெரிந்தது. மனு கொடுத்தார். பணிமூப்பைத் திருத்தக் கோரும் மனுவை மூன்று ஆண்டுக்குள் தர வேண்டும், அதற்குப் பிறகு வந்தால் நிராகரிக்கப்படும் என்று 35-ஆம் விதியிலேயே இன்னொரு உட்பிரிவு இருந்தது. அதைக் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். அந்தக் குறிப்பை எழுதியதும் என் கைதான். பின்னாளில், தனக்குக் கீழே இருந்திருக்க வேண்டிய ஒருவர் கண்காணிப்பாளர் நாற்காலியில் இருக்க, அவர் முன்னால் இந்த அம்மா விடுப்பு விண்ணப்பத்தை நீட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

முதலில் சேர்ந்தவர்களின் ஆதங்கத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்த நாற்பது நாள் அவருடைய கோப்புகளையும் சேர்த்துப் பார்த்தவர்கள் அவர்கள். தபால் பதிவது முதல் குறிப்பு எழுதுவதுவரை அவருக்குக் கற்றுக்கொடுத்ததும் அவர்கள்தான். "வேலை சொல்லிக் கொடுத்தவன் ஜூனியரா சார்?" என்று ஒரு தம்பி என்னிடம் கேட்டதுண்டு. நியாயமான வலிதான். ஆனால் முன்னால் வந்ததற்கான பலன் அவர்களுக்குக் கிடைத்துவிடுகிறது. நாற்பது நாள் சம்பளம், முந்தி முடியும் தகுதிகாண் பருவம். ஊதிய உயர்வும் காலாண்டுக் கணக்கு என்பதால் ஜூன் கடைசியில் சேர்ந்தவருக்கு அடுத்த வருடம் ஏப்ரல் 1, ஜூலையில் சேர்ந்தவருக்கு ஜூலை 1. தாமதமானவர் இவ்வளவையும் இழந்துவிட்டுத்தான் வருகிறார். தேர்வில் வாங்கிய இடத்தையும் ஏன் பிடுங்க வேண்டும்?

அதற்காக எவ்வளவு நாள் வேண்டுமானாலும் இழுக்கலாம் என்றில்லை. அவகாசம் எழுத்தில் வாங்கியிருக்க வேண்டும். மத்திய அரசில் இதைத் தெளிவாக்கியிருக்கிறார்கள்: நியமன ஆணை தந்து ஆறு மாதத்துக்குள் சேராவிட்டால் அது தானே காலாவதி. பிறகு அதற்கு உயிர் கொடுத்தாலும், உரிய காலத்தில் சேர்ந்த சக தேர்வர்களுக்குக் கீழேதான் இடம். ரயில்வேயிலும் பயிற்சிப் பள்ளியின் முதல் அணியை விட்டு அடுத்த அணியில் சேர்ந்தால், காரணம் எதுவானாலும், முந்தைய அணியில் தேறியவர்களுக்கு ஜூனியர்தான். அங்கெல்லாம் நிலைமை வேறு. அதனால் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை நம்பாமல், தான் சேரும் துறையின் விதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. புதிதாகச் சேருகிறவரின் தரவரிசை எண்ணையும், அவருக்கு மேலேயும் கீழேயும் இருப்பவர் பெயரையும் ஒரு தாளில் எழுதி, தகுதிகாண் பருவம் முடிவதற்குள் அவர் கையில் கொடுங்கள். பணிப்பதிவேட்டிலும் ஒட்டுங்கள். மூன்றாண்டுக் கெடு இருக்கும்போதே அவர் ஆட்சேபணை சொல்ல முடியும். ஒரு கிளார்க்குக்கு அரை மணி நேர வேலை அது. அந்த அரை மணி நேரத்தை 1997-ல் நான் செலவிடவில்லை.

எங்கள் தெருப் பெண்ணுக்கு ஒரு மாத அவகாசம் கிடைத்திருக்கிறது. தேர்வாணையப் பட்டியலில் அவள் பெயர் இருக்கும் பக்கத்தை இரண்டு நகல் எடுத்துப் பத்திரமாக வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்,
அம்மாபேட்டை, சேலம்.