தலைக்கணக்கில் தொலையும் தமிழ்வழிப் பயிற்சி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தம், அதில் கையெழுத்திடாததைக் காட்டி நிறுத்திவைக்கப்பட்ட சமக்ர சிக்ஷா என்ற மத்திய பள்ளிக்கல்வித் திட்டப் பணம் என்று தமிழ்நாடும் கேரளமும் டில்லியோடு நடத்திய இழுபறியைத் தங்கள் நாளிதழில் விடாமல் படித்து வந்தேன். சம்பளப் பாக்கி பற்றி எழுதினீர்கள், சீருடை பற்றி எழுதினீர்கள். ஆசிரியர் பயிற்சிக்கான பணமும் இதே பையில்தான் இருக்கிறது என்பதை யாரும் பேசக் காணோம். எல்லைக்கு இந்தப் பக்கம், பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கேரளப் பாடத்திட்டத்தைத் தமிழில் நடத்துகிறவர்களின் பயிற்சியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

நான் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு தமிழ்வழி எல்.பி. பள்ளியில், அதாவது தொடக்கப் பள்ளியில், டீச்சராகச் சேர்ந்து எச்.எம். ஆக ஓய்வு பெற்றவள். நடுவில் சில காலம் ஆர்.பி. எனப்படும் பயிற்றுநராகவும் போய்ப் பயிற்சி கொடுத்திருக்கிறேன்.

இங்கே வழக்கம் என்னவென்றால், மே மாதத்தில் விடுமுறைப் பயிற்சி, பள்ளி திறந்த பிறகு அவ்வப்போது சனிக்கிழமை கிளஸ்டர், அதாவது பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் பயிற்சி. மாட்யூல் என்ற பயிற்சிக் கையேடு மலையாளத்தில் வரும். மாதிரி வகுப்பு, பயிற்சித்தாள், மதிப்பீட்டுக் கேள்விகள் எல்லாம் மலையாளம்தான். ‘உங்களுக்கு மலையாளம் தெரியாதா?’ என்று கேட்பார்கள். நன்றாகவே தெரியும், பலர் மலையாளத்தில் சண்டையே போடுவோம். ஆனால் திங்கட்கிழமை காலை எங்கள் முன்னால் உட்கார்ந்திருப்பது எருத்தேம்பதியிலும் வடகரப்பதியிலும் வீட்டில் தமிழ் மட்டும் பேசி வளரும் ஒன்றாம் வகுப்புக் குழந்தை. அதற்கு எழுத்தறிவிக்கும் முறையை மலையாள எழுத்துகளை வைத்துக் கற்றுக்கொண்டு வந்தால் பாதிதான் பயன்படும். கணக்கில் சமாளிக்கலாம். மொழிப் பாடத்தில் முடியாது. மாட்யூலை ராத்திரி உட்கார்ந்து தமிழில் எழுதி, வேலந்தாவளத்தில் கைக்காசு போட்டு ஜெராக்ஸ் எடுத்து, பக்கத்துப் பள்ளிகளுக்கும் கொடுப்போம். 2024-இல் 1, 3, 5, 7, 9 வகுப்புகளுக்கும் அடுத்த ஆண்டு மற்ற வகுப்புகளுக்கும் பாடநூல் மாறியபோதும் இதே கதைதான் என்று இப்போது வேலையில் இருக்கும் பிள்ளைகள் சொல்கிறார்கள்.

இதில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. கேரள அரசு தமிழில் பாடநூல் அச்சிடுகிறது, எஸ்.எஸ்.எல்.சி. கேள்வித்தாளைத் தமிழிலும் தருகிறது. கோளாறு பணத்தைக் கணக்குப் போடும் முறையில் இருக்கிறது. பயிற்சிக்கான தொகை தலைக்கு இவ்வளவு, நாளைக்கு இவ்வளவு என்றுதான் அனுமதியாகிறது. ஒரு கையேட்டைத் தமிழாக்க ஆகும் செலவோ, நாற்பது பேர் படித்தாலும் நாலாயிரம் பேர் படித்தாலும் ஒன்றுதான். நாற்பது பேருக்கான தலைக்கணக்குத் தொகையில் சாப்பாடும் பஸ் காசும் போக மொழிபெயர்ப்புக்கு என்ன மிஞ்சும்? பணத்துக்குத் தட்டுப்பாடு வந்தால் ‘பேட்ச் சின்னது, மலையாள பேட்ச்சோடு சேர்த்துவிடலாம்’ என்று முடித்துவிடுவார்கள். நான் வேலையில் இருந்த காலத்திலேயே இதைப் பார்த்துவிட்டேன்.

டயட் எனப்படும் மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1986 தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டிப் பிறந்தவை இவை. தொடக்கத்தில் முழுச் செலவையும் மத்திய அரசே ஏற்றது. பிறகு மாநிலமும் பங்கு போட வேண்டியதாயிற்று. இப்போது 60-க்கு 40. 2018-இல் ஆசிரியர் கல்வித் திட்டத்தையும் மற்ற இரண்டு திட்டங்களையும் சேர்த்துச் சமக்ர சிக்ஷா ஆக்கினார்கள். அதுவரை பயிற்சிக்கென்று தனியாக ஒரு கணக்காவது இருந்தது. இப்போது எல்லாம் ஒரே பை, அந்தப் பையின் வாயை டில்லி இறுக்கினால் எல்லாமே நின்றுபோகும். 2023 மத்திய பட்ஜெட்டில் டயட்களைச் சிறப்பு நிறுவனங்களாக மேம்படுத்தப் போவதாகச் சொன்னார்கள். நல்லதுதான். கட்டடமும் கணினியும் வரட்டும். ஆனால் டயட்டுக்கு ஆதியில் வகுத்த ஏழு பிரிவுகளில் பணியிடைப் பயிற்சி உண்டு, பாடப்பொருள் தயாரிப்பு உண்டு, கல்வித் தொழில்நுட்பம் உண்டு. மொழிச் சிறுபான்மைப் பள்ளிகளுக்கென்று எதுவும் இல்லை.

தூரம் இன்னொரு தொல்லை. எங்கள் மாவட்ட டயட் ஆனக்கரையில் இருக்கிறது. அது மாவட்டத்தின் மேற்குக் கோடி, மலப்புரம் எல்லை. நாங்கள் கிழக்குக் கோடி, தமிழ்நாட்டு எல்லை. தமிழ்வழிப் பள்ளிகள் உள்ள இன்னொரு மாவட்டமான இடுக்கியில் டயட் இருப்பது தொடுபுழையில். மறையூரிலிருந்து ஒரு டீச்சர் மலையெல்லாம் இறங்கிப் போக வேண்டும். அதே மறையூரிலிருந்து சின்னாறு வழியாக உடுமலைப்பேட்டை கிட்டத்தட்ட 40 கிலோமீட்டர்தான். உடுமலைக்குப் பக்கத்தில் திருமூர்த்தி நகரில் தமிழ்நாட்டு டயட் ஒன்று இருக்கிறது, அங்கே எல்லாமே தமிழ். பொள்ளாச்சி வழியாக எங்களுக்கும் அது எட்டும் தூரம்தான். பாடத்திட்டம் வேறு என்பது உண்மை. ஆனால் ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்குத் தமிழ் எழுத்தைப் பழக்கும் கலைக்கு மாநில எல்லை ஏது? பரம்பிக்குளம்-ஆழியாறு தண்ணீருக்கு இரண்டு மாநிலமும் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டன. ஆண்டுக்கு ஒரு வாரப் பயிற்சிக்கு ஒரு கடிதப் போக்குவரத்தாவது நடத்தலாமே.

ஆனால் அது கூடுதல் உதவிதான். எங்கள் முதல் கோரிக்கை கேரள அரசிடம். சித்தூர் தாலுகாவில் புதிதாகக் கட்டடம் கட்ட வேண்டாம், இருக்கும் பி.ஆர்.சி. எனப்படும் வட்டார வள மையத்தில் ஒரு அறை போதும். டயட்டின் கீழ் ஒரு நிரந்தரத் தமிழ்ப் பிரிவு, அதில் தமிழ்வழி அனுபவமுள்ள ஓரிரு விரிவுரையாளர்கள், இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம், பீருமேடு பகுதித் தமிழ்வழிப் பள்ளிகளுக்கும் பயன்படும்படி கையேடு தயாரிக்கும் பொறுப்பு. இதற்குத் தலைக்கணக்கு இல்லாத ஒரு நிலையான தொகை, பட்ஜெட்டில் தனித் தலைப்பில், மாநிலத்தின் சொந்தப் பணத்திலிருந்து. மத்தியப் பங்கு வந்தாலும் வராவிட்டாலும் அது நிற்கக் கூடாது. தொடக்கநிலையில் தாய்மொழிவழிக் கல்விக்குப் போதிய வசதி செய்யச் சொல்லும் அரசியல் சட்டத்தின் 350ஏ பிரிவு, கேரளம் பிறந்த அதே 1956-இல் சேர்க்கப்பட்டது. வசதி என்றால் வகுப்பறையும் புத்தகமும் மட்டும்தானா?

பணம் ஒதுக்கினால் மட்டும் போதாது. அதை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதும் முக்கியம். ஒவ்வொரு டயட்டுக்கும் திட்ட ஆலோசனைக் குழு உண்டு. ஆண்டுத் திட்டம் அங்கேதான் பேசப்படுகிறது. அதில் தமிழ்வழி ஆசிரியர் ஒருவருக்கு நிரந்தர இடம் வேண்டும். அதிகாரி யாரோ ஒருவர் எங்களுக்காகப் பேசினால் போதாது, வகுப்பில் நிற்கிறவரே போக வேண்டும். அப்புறம், கிராமப் பஞ்சாயத்துகள். அரசு எல்.பி. பள்ளிகளும் யு.பி. எனப்படும் நடுநிலைப் பள்ளிகளும் இங்கே பஞ்சாயத்தின் பொறுப்பில் இருக்கின்றன. திட்ட நிதியும் வருகிறது. தரைக்கு டைல்ஸ் போடுகிறார்கள், மதில் கட்டுகிறார்கள், கும்பிட்டு வாங்கிக்கொள்கிறோம். நாலைந்து பஞ்சாயத்துகள் கூட்டுத் திட்டமாகச் சேர்ந்து ஆண்டுதோறும் ஒரு சிறு தொகையைப் பயிற்சிக்கு ஒதுக்கினால் டயட்டிடம் உரிமையோடு கணக்குக் கேட்கலாம். காசு போடாதவன் பேச்சு எந்தக் கமிட்டியிலும் எடுபடாது.

நம்மவர்களையும் ஒரு வார்த்தை சொல்லாமல் விட முடியவில்லை. பஸ் போர்டில் தமிழ் இல்லையென்றால் மறியல் வரைக்கும் போகிறார்கள். டயட் பட்ஜெட்டில் தமிழுக்கு எவ்வளவு என்று எந்த அமைப்பும் ஒரு தகவல் உரிமை மனு போட்டதாக என் காதுக்கு எட்டவில்லை. ‘தமிழ்வழியில் பிள்ளைகளே குறைகிறார்கள், இனி எதற்குச் செலவு?’ என்று எங்கள் ஊர்ப் படித்தவர்களே கேட்கிறார்கள். பயிற்சியில்லாத டீச்சர் இருக்கும் பள்ளியை விட்டு எந்தப் பெற்றோரும் பிள்ளையை வேறு பள்ளிக்குத்தான் மாற்றுவார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

டயட்டின் அடுத்த ஆண்டுத் திட்டம் முடிவாகுமுன் சித்தூர், தேவிகுளம், பீருமேடு தொகுதி எம்.எல்.ஏ.க்கள் இந்தத் தனித் தலைப்பைச் சட்டமன்றத்தில் கேட்க வேண்டும். ஆலோசனைக் குழுவின் மினிட்ஸையும் டயட்கள் பொதுவில் போட வேண்டும். தங்கள் பாலக்காடு நிருபர் அந்த மினிட்ஸை ஒருமுறை வாங்கிப் படித்து, தமிழ் என்ற சொல் அதில் வருகிறதா என்று எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியை,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.