ஏழாம் நிலைக் கட்டுரையும் பிளாட்ஃபார்ம் டென்னிஸும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இந்தப் பருவக் கட்டுரைக்கு ஏழாம் நிலை மாணவர்களுக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு பிளாட்ஃபார்ம் டென்னிஸ். "தமிழ்ப் பள்ளியில் இது எதற்கு?" என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். பொங்கலைப் பற்றி வருடா வருடம் எழுத வைக்கிறோம். அதில் பாதி அம்மா சொல்லச் சொல்லப் பிள்ளை எழுதியது என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடுகிறது. தாங்கள் கண்ணால் பார்த்ததைப் பற்றி எழுதினால்தான் சொந்த வாக்கியம் வரும். நாம் இருப்பதோ சிகாகோ புறநகர். கடும்பனியிலும் விளக்கைப் போட்டுக்கொண்டு, கம்பிக் கூண்டுக்குள் நாலு பேர் பந்தடிப்பதைக் காரில் போகும்போது நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்த ஆட்டம்தான் பிளாட்ஃபார்ம் டென்னிஸ்.

பிள்ளைகள் வீட்டில் வந்து கேட்பார்கள் என்பதால் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

1928-ல் நியூயார்க்கை ஒட்டிய ஸ்கார்ஸ்டேல் ஊரில் தொடங்கியது இது. ஜேம்ஸ் காக்ஸ்வெல், ஃபெசென்டன் பிளான்சார்ட் என்ற இரு நண்பர்களுக்குக் குளிர்காலத்திலும் வெளியே விளையாட ஆசை. காக்ஸ்வெல் வீட்டு நிலமோ சரிவு. அதனால் மரப்பலகையில் ஒரு மேடை போட்டார்கள். அதில் பேட்மின்டன் ஆடலாம் என்று பார்த்தால் காற்று விடவில்லை. கடைசியில் பேடில் டென்னிஸ் என்ற சிறிய வகை டென்னிஸின் மட்டையும் ஸ்பாஞ்சு ரப்பர் பந்தும் கைகொடுத்தன. அந்த ஆட்டத்தை அதற்கு முன்பே சிறுவர்களுக்காக உருவாக்கியவர் ஃபிராங்க் பீல் என்ற பாதிரியார்.

மேடையிலிருந்து பந்து உருண்டு ஓடிக்கொண்டே இருந்ததால், சுற்றிலும் கோழிக்கூண்டுக்கு அடிக்கிற கம்பிவலையைக் கட்டினார்கள். பந்தைத் தடுக்கக் கட்டிய வலை ஆட்டத்தையே மாற்றிவிட்டது. தரையில் ஒருமுறை குத்திய பந்து வலையில் பட்டுத் திரும்பினால், மறுபடி தரையைத் தொடுவதற்குள் அதை அடிக்கலாம் என்று விதி வந்தது. கேரம் பலகையின் ஓரத்தில் பட்டுக் காய் திரும்புவதைப்போல அந்தக் கோணத்தைக் கணிக்க வேண்டும். வெறும் பலத்தால் புள்ளி எடுக்க முடியாது, ஓங்கி அடித்த பந்தும் திரும்பி வரும். பொறுமைசாலிகளின் ஆட்டம் என்பேன். ஆட்டத்தைத் தொடங்க அடிக்கும் சர்வீஸுக்கும் ஒரே ஒரு வாய்ப்புதான்.

அப்புறம் வளர்ச்சி. ஸ்கார்ஸ்டேலின் ஃபாக்ஸ் மெடோ டென்னிஸ் கிளப்பில் 1931-ல் ஆடுகளம் போட்டார்கள். 1934-ல் இந்த ஆட்டத்துக்கென ஒரு சங்கம், அடுத்த ஆண்டே அதே கிளப்பில் தேசியப் போட்டி. பிளாட்ஃபார்ம் டென்னிஸ் என்று சங்கத்தின் பெயர் மாறியது 1950-ல். 1970-களில் தொலைக்காட்சியிலும் காட்டினார்கள், பரிசுப் பணமும் வந்தது. ஆனால் அந்தக் காலத்தில் வந்த அலுமினிய மேடைதான் பெரிய மாற்றம் என்பது என் எண்ணம். மேடைக்கு அடியில் ஹீட்டர் வைத்து உறைபனியை உருக்கிவிடுகிறார்கள். சுற்றியுள்ள கம்பிவலையின் அடிப்பக்கப் பலகைகளைத் திறந்து, மிச்சமிருக்கும் பனியை வெளியே தள்ளிவிடலாம்.

ஒரு குறையையும் பிள்ளைகள் எழுதட்டும். வெகுகாலம் இது வசதியுள்ளவர்களின் கிளப் வேலிக்குள்ளேயே இருந்தது. இன்றும் பெரும்பாலான ஆடுகளங்கள் அங்கேதான். வின்னட்கா, வில்மெட், ஹின்ஸ்டேல் போன்ற ஊர்களில் பூங்காத் துறையே ஆடுகளங்களை நடத்துவதால் நம்மைப் போன்றவர்களும் உள்ளே போக முடிகிறது.

அப்படி ஒரு பூங்காவுக்குத்தான் அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் போகிறோம். தேதியை ஆசிரியர் சொல்வார். சம்மதப் படிவத்தை வரும் வாரமே கொடுத்துவிடுங்கள். மேடை வழுக்காமலிருக்கச் சொரசொரப்பான பூச்சு பூசியிருப்பார்கள், விழுந்தால் முட்டி உரிந்துவிடும். ஆகவே முழு பேன்ட்டும் நல்ல விளையாட்டு ஷூவும் கட்டாயம். பனி பூட்ஸ் வேண்டாம். ஆடுகளத்துக்குப் பக்கத்திலேயே கதகதப்பான குடில் உண்டு, குளிர் தாங்காத பெற்றோர் அங்கிருந்தே ஜன்னல் வழியாகப் பார்க்கலாம்.

கட்டுரையைப் பிள்ளைகளே எழுதட்டும். சந்திப்பிழை இருந்தால் வகுப்பில் திருத்திக்கொள்கிறோம். அவர்கள் சொல்லத் தெரியாமல் ஒரு சொல்லைக் கேட்டால் மட்டும் எடுத்துக் கொடுங்கள். சுண்டலும் தேநீரும் கொண்டுவரக்கூடியவர்கள் அலுவலகத்தில் பெயர் கொடுத்துவிடவும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்